நின்ற ஊரும் நில்லாத வண்டியும்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் இருக்கிறது திருநின்றவூர். திருமகள் வைகுண்டத்தைவிட்டு வந்து நின்ற ஊர் என்று பெயருக்குக் காரணம் சொல்லுவார்கள். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று திருநாமம். பூசலார் நாயனாரும் இந்த ஊர்க்காரர்தான். கையில் காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். காஞ்சியில் நிஜக் கல்லால் கோயில் கட்டிய பல்லவ ராஜாவும் அதே நாளைக் குறித்திருந்தான். சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, "நாளைக்கு நான் நின்றவூருக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டாராம்.

இப்பேர்ப்பட்ட ஸ்தலத்தில் மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு வந்ததற்குக் காரணம் என் மருமான். அந்த ஊரில்தான் அவன் குடியிருக்கிறான். போன வருஷம் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். சத்தம் கிடையாது, புகை கிடையாது, கிளம்பினால் அம்பு மாதிரி போகும் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். நான் அவன் வீட்டுக்குப் போயிருந்த அன்று ராத்திரி, பட்டாபிராம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. சி.டி.எச். சாலையில் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். சட்டை முழுவதும் வியர்வை.

"வேகத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லே மாமா. நின்னா நின்னதுதான்!" என்றான்.

"நூற்று முப்பது வருஷத்து மோட்டார் பந்தயச் சரித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாயே!" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கேலியே அல்ல. அவன் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்சார மோட்டார் என்பது ஏதோ நேற்றுப் பிறந்த குழந்தை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது பெட்ரோல் வண்டியின் சமவயதுக்காரன். ஒரு சமயம் பெட்ரோல் வண்டியை மூக்கில் விரல் வைக்கச் செய்தவன். 1899-ம் வருஷம் பாரிஸுக்குப் பக்கத்தில் காமில் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியம் தேசத்து மனிதர், வெடிகுண்டு வடிவத்தில் ஒரு மின்சார வண்டி செய்து, மணிக்கு 105 கிலோமீட்டருக்குமேல் ஓட்டிக் காட்டினார். தரையில் ஓடும் மோட்டார் வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்த வண்டிக்குப் பிரெஞ்சு பாஷையில் 'ஒருநாளும் திருப்தியடையாதவள்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். ஏன் அந்தப் பெயர் என்று ஜெனாட்ஸியின் வீட்டு அம்மாளைத்தான் கேட்டிருக்கவேண்டும்.

ஆனால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்து வேகம். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1895-ல், பாரிஸிலிருந்து போர்தோ நகரத்துக்குப் போய்த் திரும்பி வரும் பந்தயம் ஒன்று நடந்திருந்தது. ஏறக்குறைய 1,180 கிலோமீட்டர். அதில் ஷார்ல் ஜாந்தோ என்பவர் ஒரு மின்சார வண்டியை இறக்கினார். பாட்டரி தூரம் தாங்காது என்று அவருக்குத் தெரியும். ஆகையால் வழி நெடுக மாற்றுப் பாட்டரிகளை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்திருந்தார். அப்படியும் பந்தயத்தை முடித்தவர்கள் பட்டியலில் அவர் வண்டி இல்லை. எமில் லெவாஸர் என்ற பெட்ரோல்காரர், ஏறக்குறைய முழுத் தூரத்தையும் தாமே ஓட்டி 48 மணி 48 நிமிஷத்தில் முதலில் வந்து சேர்ந்தார். (அவருடைய வண்டியில் இரண்டே ஆசனம் இருந்ததால் முதல் பரிசை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது வேறு கதை.)

ஆக, மின்சாரம் வேகத்தில் தோற்கவில்லை. தூரத்தில் தோற்றது. நம் மின்சார பில்லில் போடுகிற யூனிட் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ பெட்ரோலுக்குள் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. இன்றைக்குக் கிடைக்கிற நல்ல பாட்டரியில்கூட ஒரு கிலோவுக்குக் கால் யூனிட் இருந்தால் பெரிது. பெட்ரோல் யந்திரம் தன் சக்தியில் பாதிக்குமேல் வெறும் சூடாக வீணாக்குகிறது என்பது உண்மைதான். அப்படி ஊதாரித்தனம் செய்தும் கையில் மிச்சமிருக்கிற பணக்காரன் அது. மின்சார மோட்டாரோ சிக்கனக்காரன். பாவம், மடியில்தான் காசு இல்லை.

பெட்ரோலே கிடைக்காதபோது என்ன ஆகும் என்பதை நம் ஊர் ஒரு தடவை அனுபவித்திருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும், பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டுப் புகைய வைத்து, அந்த வாயுவில் யந்திரத்தை ஓட்டினார்கள். கரி பஸ் என்று பெயர். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் நின்று துருத்திச் சக்கரத்தைச் சுற்றவேண்டும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டால், ஒவ்வொரு பிரயாணமும் ஒரு சகிப்புப் பந்தயமாகத்தான் இருந்திருக்கிறது.

அதே யுத்தம் இன்னொன்றையும் கொடுத்துவிட்டுப் போயிற்று. திருநின்றவூருக்கு வடகிழக்கே, செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். இன்று திருவள்ளூர் மாவட்டம். அப்போது செங்கற்பட்டு ஜில்லா. யுத்தம் முடிந்து விமானங்கள் போன பின், அந்தத் தளத்துக்கு மோட்டார்ப் பித்துப் பிடித்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1953-ல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமாயிற்று. பிறகு முப்பது வருஷத்துக்குமேல் சோழவரம் பந்தயம் என்றால் சென்னையே திரண்டு போகும். பியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும், மகாராஜாக்கள் வரவழைத்த சீமை வண்டிகளும் ஒரே தளத்தில் ஓடின. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பந்தயப் பாதை வந்தது. அந்தக் கிளப்பை ஆரம்பித்தவர்களில் இந்து சந்தோக் என்பவரும் ஒருவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சோழவரத்தில் ஓடியதெல்லாம் சில சுற்றுக்கள், சில நிமிஷங்கள். பிரான்ஸில் லெ மான் என்ற ஊரில் நடப்பது வேறு ஜாதி. 1923 மே மாதம் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் சனிக்கிழமை மத்தியானம் கொடி அசைத்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் முடிவு. இவ்வளவு தூரம் ஓடு என்று சொல்லுவதில்லை. இருபத்துநாலு மணி நேரத்தில் யார் அதிக தூரம் போனார்களோ அவர்களுக்கு ஜயம். இன்றைய பாதை ஒரு சுற்றுக்குப் பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஓட்டுகிறவர்கள் மாறி மாறி உட்காரலாம், வண்டி ஒன்றுதான். எண்ணெய் போட நிற்கிற நேரமும், சக்கரம் மாற்ற நிற்கிற நேரமும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே இங்கே வேகமாகப் போகிறவனைக் காட்டிலும் குறைவாக நிற்கிறவனே கெட்டிக்காரன். புதிய சக்தி எதுவானாலும், கடைசியில் லெ மான் வாசலில் வந்து நின்று, 'என்னைப் பரீட்சை செய்' என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு டீசல் என்றால் லாரி. எண்ணூரிலிருந்து அசோக் லேலண்டு லாரி புறப்பட்டுவிட்டால் பத்து டன் சரக்கோடு கல்கத்தா வரைக்கும் போகும். ஆனால் அதைப் பந்தயத்துக்குக் கூப்பிடுவது எருமையைக் குதிரைப் பந்தயத்துக்குக் கூப்பிடுவது போல. அமெரிக்காவில் கம்மின்ஸ் என்ற யந்திரக் கம்பெனியார் அந்தக் காரியத்தைத்தான் செய்தார்கள். 1931-ல் இண்டியானாபோலிஸ் நகரத்து 500 மைல் பந்தயத்தில் ஒரு டீசல் வண்டியை இறக்கினார்கள். வேகத்தில் அது பெரிய சூரனல்ல, பதின்மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் 500 மைலையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. அந்தப் பந்தயத்தில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை. இந்த எருமைக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதே உலகம் கவனித்திருக்க வேண்டும். கவனிக்க இன்னும் எழுபத்தைந்து வருஷம் ஆயிற்று.

நடுவில் ஒரு வேடிக்கை. 1963-ல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியார், ஜெட் விமானத்து டர்பைன் போன்ற ஒரு யந்திரத்தைப் பந்தய வண்டியில் வைத்து லெ மானுக்குக் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி! கிரஹாம் ஹில்லும் ரிச்சி கிந்தரும் ஓட்டினார்கள். எந்த வகுப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் அதற்கு '00' என்று எண் கொடுத்துப் போட்டிக் கணக்குக்கு வெளியே ஓடவிட்டார்கள். கணக்கில் சேர்த்திருந்தால் எட்டாவது இடம். 1965-ல் மறுபடி வந்தது. கிரஹாம் ஹில் பாதையை விட்டு விலகியபோது மணலை உறிஞ்சி, உள்ளிருக்கும் தகடுகள் சேதமாயின. அந்தக் காயத்தோடேயே இருபத்துநாலு மணி நேரமும் ஓடிப் பத்தாவதாக வந்தது. பெட்ரோல் யந்திரமாக இருந்தால் அங்கேயே படுத்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனாலும் இதன் தாகத்துக்கு எண்ணெய் ஊற்றி மாளாது. டர்பைன் வீட்டுக்குப் போயிற்று.

2006-ல் ஆடி என்ற ஜெர்மன் கம்பெனி (இது ஆடி மாதத்து ஆடி அல்ல) ஆர்-10 என்ற டீசல் வண்டியுடன் வந்து லெ மானில் ஜயித்தது. ஜனங்கள் திகைத்துப்போனதற்கு ஜயம் மட்டும் காரணமல்ல. பந்தய வண்டி என்றால் காது கிழியவேண்டும். இந்த வண்டி பக்கத்தில் வந்துபோவதே தெரியவில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சக்தி அதிகம். அதை யந்திரம் வீணாக்குவதும் குறைவு. விதி எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த வருஷமே டீசல் வண்டிகளின் டாங்கியை 90 லிட்டரிலிருந்து 81 லிட்டராகக் குறைத்தார்கள். அப்படியும் 2006 முதல் 2014 வரை ஒன்பது வருஷமும் ஜயித்தது டீசல்தான். 2010-ல் ஓர் ஆடி டீசல் இருபத்துநாலு மணி நேரத்தில் 5,410 கிலோமீட்டர் ஓடி, 1971-ல் ஏற்பட்ட பழைய ரிகார்டைத் தகர்த்தது.

இந்த டீசல் ராஜ்யத்துக்குள்தான் நம் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் வருகிறார். 2005-ல் பார்முலா-1 பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர். 2009-ல் லெ மானுக்குக் கோலெஸ் என்ற தனியார் குழு இரண்டு ஆர்-10 டீசல் வண்டிகளைக் கொண்டுவந்தது. அதில் ஒன்றை ஓட்ட மூன்று பேர்: நாராயண், ஆலந்து நாட்டு ஸ்வால்ஸ்மன், ஜப்பானில் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்த ஆந்த்ரே லோட்டரர் என்ற ஜெர்மானியர். லெ மானில் ஓடும் முதல் இந்தியர் என்ற பெயர் நாராயணுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 13. பந்தயம் ஆரம்பமாகச் சில நிமிஷங்களே இருந்தன. பாதைக்கும் குழுவின் கொட்டகைக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர் உண்டு. அதைத் தாண்டிக் குதித்தார். கால் தவறி விழுந்தார். தோள்மூட்டு விலகிவிட்டது. வைத்தியர்கள் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் ஆகாதவர், இடுப்பு உயரச் சுவரில் விழுந்தார்! நாவலில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார்; 'வேறு ஏதாவது செய்து கதாநாயகனைப் படுக்க வையுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று பேர் ஓட்டவேண்டிய இருபத்துநாலு மணி நேரத்தை இரண்டு பேராக ஓட்டினார்கள் லோட்டரரும் ஸ்வால்ஸ்மனும். ஏழாவதாக வந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நாராயண் மனத்துக்குள் எத்தனை சுற்று ஓட்டியிருப்பாரோ! பூசலாருக்குக் கிடைத்த மரியாதை மோட்டார் பந்தயத்தில் கிடையாது. மனத்தில் ஓட்டிய சுற்றை எவரும் எண்ணுவதில்லை.

லோட்டரருக்கோ அந்த இரண்டாள் ஓட்டம் பெயர் வாங்கிக் கொடுத்தது. மறு வருஷமே ஆடி கம்பெனி தன் சொந்தக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2011, 2012, 2014 என்று மூன்று தடவை அவர் லெ மானில் ஜயித்தார். நாராயண் விழாமல் இருந்திருந்தால் லோட்டரருக்கு இந்த அதிர்ஷ்டம் வந்திருக்குமா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

2012-ம் வருஷத்து ஜயம் முக்கியமானது. டீசலோடு மின்சாரமும் கூட்டுச் சேர்ந்து லெ மானை ஜயித்தது அன்றுதான். பிரேக் போடும்போது வண்டியின் ஓட்டம் வெறும் சூடாகி வீணாகிறதல்லவா? அதை வீணாக்காமல் மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டார்கள். குயவர் கோலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் சக்கரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். பானை வனைவது அந்தச் சேமித்த சுழற்சியில்தான். தத்துவம் அதுவே. ஆடியின் சக்கரம் நிமிஷத்துக்கு 45,000 சுற்று வரை சுழலும். வேண்டும்போது அந்தச் சுழற்சியை மறுபடி மின்சாரமாக்கி முன் சக்கரங்களுக்குக் கொடுக்கும். நூறு வருஷத்துக்குமுன் தனியாக ஓடித் தோற்ற மின்சாரம், இந்தத் தடவை பெட்ரோல் குடும்பத்துக்குள்ளேயே வீட்டோடு மாப்பிள்ளையாக நுழைந்தது.

அதே பந்தயத்தில் ஒரு சாதாரணப் பெட்ரோல் வண்டியில் ஆறாவதாக வந்த மூவரில் ஒருவர் சென்னைக்காரர் கருண் சந்தோக். சோழவரத்துக் கிளப்பை ஆரம்பித்தாரே இந்து சந்தோக், அவருடைய பேரன். லெ மானில் ஓடிய முதல் இந்தியர் என்ற பெயர் மூன்று வருஷம் தாமதித்து இவருக்கு வந்து சேர்ந்தது.

டீசலின் கதை சோகமாக முடிந்தது. 2015-ல் ஆடியின் தாய்க் கம்பெனியான வோக்ஸ்வாகன், சாலையில் ஓடும் தன் டீசல் வண்டிகளின் புகைப் பரீட்சையில் மோசடி செய்தது வெளிப்பட்டது. 2016-ம் வருஷ முடிவில் ஆடி லெ மானை விட்டு விலகிற்று. கலப்பு வண்டிகள் நிலைத்தன, பெட்ரோல் துணையோடு. அவற்றுக்கும் பந்தயம் இரக்கம் காட்டவில்லை. 2016-ல் ஜப்பானின் டொயோட்டா வண்டி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, மூன்று நிமிஷம் பாக்கியிருக்கையில், தன் குழுவின் கண்ணெதிரிலேயே சக்தியிழந்து நின்றுபோயிற்று. டொயோட்டா ஜயிக்க 2018 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் லெ மானில் ஊற்றுகிற எண்ணெயைத் திராட்சை மதுவின் சக்கையிலிருந்து எடுக்கிறார்கள். 2022 முதல் அப்படி. பிரெஞ்சுக்காரருக்கு வேறு எதிலிருந்து எடுக்கத் தோன்றும்?

"அப்போ பாட்டரி மட்டும் வெச்சு யாருமே ஓட்டலையா?" என்று கேட்டான் மருமான்.

ஓட்டினார்கள். 2014-ல் நிஸான் கம்பெனியின் ஒரு வண்டி லெ மான் பாதையை ஒரு முழுச் சுற்று மின்சாரத்திலேயே சுற்றிக் காட்டியது. அதுவும் பந்தயத்துக்கு முந்திய ஒத்திகையில். பந்தயத்தில் ஐந்தே சுற்றில் கியர் கெட்டு நின்றுவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் பீஜிங்கில் பார்முலா-இ என்ற முழு மின்சாரப் பந்தயம் முதன்முதலாக நடந்தது. நம் கருண் சந்தோக் மஹிந்திரா குழுவுக்காக ஓட்டி ஐந்தாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தில் ஒரு விசித்திர ஏற்பாடு. பாட்டரி பாதிப் பந்தயத்துக்குத்தான் தாங்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டு வண்டி. நடுவில் வந்து, ஒன்றிலிருந்து இறங்கி, தயாராக நிற்கும் மற்றதில் ஏறி ஓட்டவேண்டும்.

"அப்படின்னா நானும் பட்டாபிராம்லே இன்னொரு ஸ்கூட்டரை நிறுத்தி வெச்சிருக்கணும்" என்றான் அவன்.

1895-ல் ஜாந்தோ செய்த யோசனையும் அதுதானே? வழியில் மாற்றுப் பாட்டரி. ஆனால் இந்தத் தடவை கதை அங்கேயே நிற்கவில்லை. 2018 டிசம்பரிலிருந்து அதே பந்தயத்தை ஒரே வண்டியில் ஓட்டி முடிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் இத்தாலியில் நார்டோ என்ற இடத்து வட்டப் பாதையில் மெர்ஸிடிஸ் கம்பெனியின் மின்சார வண்டி இருபத்துநாலு மணி நேரத்தில் ஏறக்குறைய 5,480 கிலோமீட்டர் ஓடியது. லெ மானில் டீசல் வைத்த 5,410-ஐவிட அதிகம்! நிமிஷக் கணக்கில் மின்சாரம் ஏற்றிக்கொண்டு மறுபடி ஓடியதால் இது சாத்தியமாயிற்று. அங்கே திருப்பம் கிடையாது, முன்னால் மறிக்கும் வண்டி கிடையாது, இருட்டில் மழையில் ஐம்பது அறுபது பேருடன் முட்டி மோதவேண்டியதில்லை. அதனால் இரண்டையும் தராசில் வைத்து நிறுக்கக்கூடாது. லெ மானை முழு மின்சார வண்டி ஒன்றும் இதுவரை ஓடி முடிக்கவில்லை.

"முடிக்கும்கிறீங்களா?" என்று கேட்டான்.

பதில் சொல்லுவதற்குள் அவனுக்கு ஏதோ ஞாபகம் வந்து எழுந்து போனான். வாசலில் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய ஸ்கூட்டருக்கு அவன் இன்னும் மின்சார வயரைச் சொருகவில்லை.